பஸ்ஸை விட்டுப் படகில்

சிங்கப்பூரிலிருந்து ஜொகூரின் கோத்தா திங்கிக்குப் பஸ்ஸிலேயே போயிருக்கலாம். ஆற்று வழியாகத்தான் போவேன் என்று அடம்பிடித்தவன் நான். சிராங்கூன் ரோட்டு நண்பன் ஒருவனையும் இழுத்துக்கொண்டேன். முதுகில் ஆளுக்கொரு பழைய பட்டாளத்துப் பை, அதற்குள் புளிச்சோறு. சாங்கி படகுத்துறையில் அரிசி மூட்டை ஏற்றிய படகில் காலையிலேயே ஏறிவிட்டோம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஜொகூர் ஆற்றுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் மலாய்ப் படகுக்காரர் இன்ஜினை நிறுத்தினார். கரையோர மரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு, தொப்பியால் முகத்தை மூடிப் படுத்துவிட்டார். ஏன் என்று கேட்டால், தண்ணீர் வரட்டும் என்றார் மலாயில். தண்ணீரில்தானே மிதக்கிறோம், இன்னும் எங்கிருந்து வரவேண்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பஸ்ல போயிருந்தா இந்நேரம் குளிச்சு சாப்பிட்டிருப்போம் லா," என்றான் நண்பன்.

இரண்டு மணி நேரம் கழித்து, கடல் பக்கம் விறைத்து நின்ற கயிறு தொய்ந்தது. படகு மெல்லத் திரும்பி, ஆற்றின் மேல்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. படகுக்காரர் எழுந்து கயிற்றை அவிழ்த்தார். தேங்காய் மட்டைகளும் இலைகளும் எங்களோடு காட்டுக்குள் ஓடி வந்தன. ஆறு கடலுக்குத்தான் போகும் என்று பள்ளியில் படித்தவர்கள் நாங்கள். கடல் ஆற்றைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. நண்பன் அரிசி மூட்டை மேல் ஏறி நின்று கைதட்டினான்.

அந்தியில் கோத்தா திங்கி டீக்கடையில் கடைக்காரர் கேட்டார், "பஸ்ல வந்தீங்களா தம்பி?"

நான் வாயைத் திறப்பதற்குள் நண்பன் சொன்னான்.

"பஸ்லயா? அதுல எவன் வருவான்."