துவக்கு நுனியில் ஒரு சந்தனப் பொட்டு

துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தவன், துவக்கு வாங்க லண்டன் பொலிஸிடம் அனுமதி கேட்ட கதையை என் மனைவி லூயிஷாமில் தெரிந்த வீடெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பொலிஸ்காரர் இரும்பு அலுமாரி சுவரோடு இறுகியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தபோதும், தேத்தண்ணி கொடுத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஐந்து நாடுகளில் கோப்பை கழுவினேன், இரண்டில் மறியலில் கம்பி எண்ணினேன். எங்கேயும் யாரும் என்னை ஓர் அணியில் சேர்த்ததில்லை. நான் போய்வந்த குறி சுடும் கழகத்தின் அணியில் ஓர் இடம் காலி என்று கேட்ட நாளிலிருந்து எனக்கு அது வேண்டியிருந்தது.

இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்க விடமாட்டார்கள். அதன் தோட்டாவைச் சுடும் நீளத் துவக்கு வைத்திருக்கலாம். விசையைச் சுற்றியுள்ள லீவரை ஒருதரம் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். கழகத்தில் எல்லாரும் நாற்பத்துநாலு என்ற பெரிய தோட்டா அளவில் வாங்கச் சொன்னார்கள். நான் முன்னூற்றைம்பத்தேழை எடுத்தேன். அதில் இன்னும் மெதுவான முப்பத்தெட்டுத் தோட்டாவும் போகும், சுடும்போது தோளில் உதையும் குறைவு. என் தோள் மூட்டை தூக்கியே தேய்ந்தது.

புதிதில் லீவர் மணல் அரைபட்டதுபோல் கரகரத்தது. பிரித்து, உள்ளே உராயும் இடங்களை மெல்லிய கல்லால் தேய்த்தேன். கண்ணுக்குக் கிட்ட இருக்கும் பின்பக்கக் குறியைக் கழற்றி, நடுவில் துளையுள்ள வளையம் ஒன்றைப் பூட்டினேன். சமையலறை மேசையில் மூன்று வாரம் போனது.

"இஞ்சருங்கோ, என்னை ஒருநாளும் இப்பிடித் துடைச்சுப் பாத்ததில்லை."

"நீ கரகரக்கிறேல்லையே."

"இனிக் கரகரக்கிறன்."

அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு முதல் நாள் ஆயுத பூசை. தையல் மெசின், கார்ச் சாவி, என் திருப்புளி எல்லாம் படத்தின் முன்னால் வந்தன.

"உங்கட சின்ன வீட்டையும் கொண்டு வாங்கோ. அதை மட்டும் விட்டாக் கோவிக்கும்."

அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். பொட்டு வைத்தாள். பூசை முடிந்ததும் மரப்பிடியில் இருந்ததைத் துடைத்துப் பூட்டி வைத்தேன்.

மறுநாள் வளையத்துக்குள்ளால் குழல் நுனியின் முன் குறி என்றைக்கும் இல்லாத தெளிவாகத் தெரிந்தது. என் வளையத்தின் புண்ணியம் என்று நினைத்தேன். பழகு சூடு ஐந்தும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை மூடும் அளவுக்குள் விழுந்தன. ஆனால் நடுவுக்கு ஒரு சாண் கீழே. கழகத்தின் பழைய ஆள் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர், குனிந்து குழல் நுனியைப் பார்த்து, இந்த மஞ்சள் என்ன என்று கேட்டார். முன் குறியின் உச்சியில் சந்தனம் காய்ந்து இறுகி நின்றது. குறி அந்த அளவுக்கு உயர்ந்து, குழல் தாழ்ந்திருந்தது.

சுரண்ட நகத்தை வைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். அந்த மஞ்சள் தந்த தெளிவு எனக்குப் பிறகு கிடைக்காது. வளையத்தை உயர்த்தி, தேர்வுக்குரிய பத்துத் தோட்டாவையும் சுட்டேன். இடம் எனக்குக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து உறையைத் திறந்தால் சந்தனம் உதிர்ந்து கிடந்தது. அடுத்த ஞாயிறு அணியின் முதல் போட்டி.

"இன்னொருக்காப் பொட்டு வைச்சு விடு," என்றேன்.

"பூசை முடிஞ்சுது. இனி அடுத்த வருசம்."

"அதுவரைக்கும்?"

"குறியைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்கப் பழகுங்கோ," என்று சொல்லிவிட்டுத் தையல் மெசினில் இருந்தாள். அதில் வைத்த பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.