ரமணி சுட்ட ஆப்பிள்

குலுக்கலில் ரமணிக்குப் பரிசு விழுந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றவர்களின் சங்கம் ஒன்று நடத்திய தீபாவளி விருந்தில் அவளுடைய சீட்டு எண்ணை யாரோ ஒலிபெருக்கியில் படித்தபோது, அது தன் எண்தான் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த கணவன் விஜயன்தான் தோளைத் தட்டி எழுப்பிவிட்டான். மேடையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தார்கள்.

"ஏர் ஃபிரையர்க்கா! நல்ல பெருசு!" என்றது யாரோ ஒரு பெண்ணின் குரல்.

சூடான காற்றிலேயே பொரிக்கிற மின் அடுப்பு. ரமணி மலர்ந்துபோனாள். அதற்குக் காரணம் இருந்தது. கிள்ளானிலிருந்து தோள்வலிக்காக அவளிடம் மசாஜுக்கு வரும் குளோரியா ஆன்டி, ஒரு மழை நாளில் சின்ன அலுமினியத் தட்டில் ஏதோ கொண்டுவந்து கொடுத்திருந்தார். மேலே மொறுமொறுவென்று மண்மாதிரி உதிர்ந்தது. அடியில் சூடாக, குழைந்த ஆப்பிள், பட்டை வாசத்தோடு. அடுத்த வாடிக்கையாளர் உள்ளே வருவதற்குள் நின்றபடியே தின்று முடித்தாள்.

"இது என்ன ஆன்டி?"

"ஆப்பிள் கிரம்பிள்லா. ஓவன்கூட இல்ல என்கிட்ட. ஏர் ஃபிரையர்லதான் போட்டேன்."

ரமணி செமினி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதிலேயே பார்வை மங்க ஆரம்பித்து, பூப்பெய்துவதற்குள் முழுக்கப் போய்விட்டது. மசாஜ் பயிற்சிக்காக பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தவள், அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம் என்று நின்றுவிட்டாள். விஜயன் அரசாங்க அலுவலகம் ஒன்றில் தொலைபேசி ஆபரேட்டர். அவனுக்கு வெளிச்சமும் பெரிய உருவங்களும் தெரியும், எழுத்து தெரியாது. ஒரே மகள் யஷ்வினிக்குக் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. டின்னில் இருப்பது மீனா பீன்ஸா, மருந்தின் தேதி தாண்டிவிட்டதா என்று படித்துச் சொல்வது எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்தே அவள் வேலை.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்ததும் ரமணி இயந்திரத்தை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள். முன்பக்கம் வழுவழுவென்று கண்ணாடி மட்டும்தான் இருந்தது.

"திருகுறது எங்கடி இருக்கு?"

"திருகெல்லாம் இல்லம்மா. டச் ஸ்க்ரீன். நீங்க விடுங்க, எப்ப வேணும்னாலும் நான் போட்டுத் தரேன்."

அப்படித்தான் நடந்தது. யஷ்வினி இருக்கும்போது கோழி பொரிந்தது, மீன் பொரிந்தது. அவள் இல்லாதபோது அது மேடையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. கேஸ் அடுப்பில் தோசையிலிருந்து ரசம்வரை தனியாகச் செய்கிற ரமணிக்கு இது உள்ளுக்குள் உறுத்தியது.

சில மாதங்கள் கழித்து யஷ்வினிக்குப் பினாங்கில் தாதியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. பதினாறு வயதிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ் படிப்பு. விஜயன் அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். அன்றைக்குச் சாப்பிடும்போது யஷ்வினி மெல்ல ஆரம்பித்தாள்.

"நான் போகலப்பா. பூச்சோங்ல ஒரு காலேஜ்ல அக்கவுண்ட்ஸ் இருக்கு. தினம் வீட்டுக்கு வந்துரலாம்."

"அக்கவுண்ட்ஸா? நீயா?" என்றான் விஜயன்.

"உங்களுக்கு யாரு இருக்கா இங்க? லிஃப்ட் கெட்டுப்போனா நோட்டிஸ் ஒட்டுவாங்க, யாரு படிப்பா? அந்த ஏர் ஃபிரையரைக்கூட நான் இல்லாம அம்மாவால போட முடியல!"

ரமணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கோபம் வரவில்லை. மகள் சொன்னதில் பொய் இல்லை.

தனக்கு மட்டும் லீவான ஒரு வார நாளில், யஷ்வினி தோழியைப் பார்க்க வெளியே போனதும் ரமணி ஆப்பிளை எடுத்தாள். தோல் சீவி, சின்னத் துண்டுகளாக வெட்டி, சீனியும் பட்டைத்தூளும் பிரட்டி, இயந்திரத்தின் கூடைக்குள் அடங்குகிற வட்டத் தட்டில் போட்டாள். மாவையும் ஓட்ஸையும் பட்டரோடு விரலால் உதிர்த்து மேலே தூவினாள். குளோரியா ஆன்டியிடம் தோள் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டு வைத்திருந்த பக்குவம் அது.

சிக்கல் கண்ணாடியில்தான். பட்டனைத் தேடி விரலை வைத்த இடமெல்லாம் 'பிப்' என்றது. தேடுவதும் அழுத்துவதும் அதற்கு ஒன்றுதான். எது தட்டுப்பட்டதோ, திடீரென்று உள்ளே காற்று சுழல ஆரம்பித்தது. கூடவே சரசரவென்று மணல் வாரியடிக்கிற மாதிரி சத்தம். கொஞ்ச நேரத்தில் கருகல் நெடி. ரமணி சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள்.

வேலை முடிந்து வந்த விஜயன் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினான்.

"என்ன கருகுது?"

"உங்க மக சொன்னது சரிதான்னு நிரூபிச்சிட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. தட்டைத் தடவி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். மேலே தூவிய மாவில் பாதி பறந்து உள்சுவரில் ஒட்டியிருந்தது. ஆப்பிள் பாதி வெந்திருந்தது.

"ருசி இருக்கு. அந்த ஆன்டிக்கு வீடியோ கால் போடுவோமா?"

விஜயன் போனைக் கண்ணாடிக்கு நேரே பிடித்துக்கொள்ள, கிள்ளானில் குளோரியா ஆன்டி தம் வரவேற்பறையில் உட்கார்ந்து வழி சொன்னார். "இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்... ஐயோ தாண்டிட்டே. விஜயன், போனை ஆட்டாதப்பா, எனக்குத் தலை சுத்துது!" சுவிட்சை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பட்டனுக்கும் அருகில் யஷ்வினியின் நகச்சாயத்தைத் துளித்துளியாக வைத்தார்கள். காய்ந்ததும் துளிகள் பருக்கள் மாதிரி மேலெழுந்து நின்றன. சூட்டுக்கு இரண்டு துளி, நேரத்துக்கு ஒன்று, தொடங்குவதற்கு ஒரு பெரிய பொட்டு.

பொட்டைத் தேடும்போதும் 'பிப்' சத்தம் வராமல் இருக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அதை ரமணியே கண்டுபிடித்தாள். வேலையில் வாடிக்கையாளரின் முதுகில் துண்டை விரித்து அதன்மேல்தான் முதலில் தடவிப் பார்ப்பாள். தசையில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் துண்டை விலக்கி எண்ணெய் வைப்பாள். இங்கேயும் ஒரு துண்டை விரலில் சுற்றித் தடவினாள். கண்ணாடி வாயைத் திறக்கவில்லை. பொட்டு அகப்பட்டதும் அதன் பக்கத்தில் மற்ற கையின் வெறும் விரலால் தொட்டாள். 'பிப்.' சுவிட்சைப் போட்டதும் எப்போதும் ஒரே சூட்டிலிருந்துதான் தொடங்கும் என்று ஆன்டி பார்த்துச் சொல்லியிருந்ததால், எத்தனை முறை தொட வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது.

மாவு பறந்ததற்கும் ஆன்டியிடம் பதில் இருந்தது. "பட்டர் கூடப் போடு, கட்டி கட்டியா பிசை, கையால நல்லா அமுக்கி வை. முதல்ல அலுமினியத் தாளால மூடி, ஓரத்தைத் தட்டுக்கடியில மடிச்சு விடு. இல்லாட்டி தாளும் பறந்து மேல ஒட்டிக்கும்."

அந்தச் சனிக்கிழமை யஷ்வினி டியூஷன் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து கதவைத் திறந்தபோது வீடெல்லாம் பட்டை வாசம்.

"யாரு வந்தா?"

"யாரும் வரல."

"அப்ப யாரு மிஷின் போட்டது?"

"உக்காந்து சாப்பிடு. ஆறுனா நல்லாருக்காது."

கரண்டி தட்டில் படுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. ரமணி காத்திருந்தாள்.

"ஒரு துண்டுல தோல் இருக்கும்மா" என்றாள் யஷ்வினி. குரல் ஒரு மாதிரி இருந்தது. "இன்னொரு தடவை போடுங்க. நான் பாக்கணும்."

ஆப்பிள் தீர்ந்திருந்தது. வாழைப்பழம் இருந்தது. ரமணி அதை நீளவாக்கில் வெட்டித் தட்டில் வைத்து, மிச்சமிருந்த மாவை அமுக்கினாள். துண்டை விரலில் சுற்றிப் பொட்டுகளைத் தேடினாள். பாதியில் மகளின் கை குறுக்கே வந்து கண்ணாடியைத் தொட்டது. ரமணி அந்தக் கையை எடுத்து அப்பால் வைத்தாள். சூட்டைத் திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

காற்று சுழலத் தொடங்கியதும் யஷ்வினி கேட்டாள்.

"நான் போனா உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்கும்லா. இல்லன்னு யாரு சொன்னா? நோட்டிஸைப் படிக்க ஆள் தேடணும். உங்கப்பா தப்பான டின்னைத் திறப்பாரு. ஆனா அது எங்க கஷ்டம். அதுக்காக நீ போய் கணக்கு எழுதிக்கிட்டு உக்காராத."

விஜயன் முன்னறையிலிருந்து, "நான் ஒரே ஒரு தடவைதான் தப்பா திறந்தேன்" என்றான்.

இரண்டு நாள் கழித்து யஷ்வினி, பினாங்கில் குளிருமா, போர்வை எடுத்துப் போக வேண்டுமா என்று அப்பாவிடம் கேட்டாள். பினாங்கில் எங்கே குளிர் என்று அவன் சொன்னான். அவ்வளவுதான் பேச்சு.

போவதற்கு முன் மசாலா டப்பாக்களில் எல்லாம் புள்ளி வைத்துத் தருகிறேன் என்று நின்றாள். அது வேண்டாம், மூக்கு இருக்கிறது என்று ரமணி சொல்லிவிட்டாள். மருந்து டப்பாக்களில் மட்டும் வைக்கச் சொன்னாள்.

முதல் வாரம் யஷ்வினி ஹாஸ்டலிலிருந்து அழுதபடி போன் செய்தாள். சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை, ஒரே அறையில் நான்கு பேர், ஒருத்தி விடிய விடிய போன் பேசுகிறாள். திரும்பி வா என்று சொல்லிவிடத்தான் ரமணிக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட நேரா சொல்லு" என்றாள். மகள் மூக்கைச் சிந்திக்கொண்டு, என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"அன்னாசி. புளிப்பா இருக்கு, சீனி கூட வேணும் போல."

"பறக்காம அமுக்கி வைங்க."

"தெரியும்டி."

போனை வைத்துவிட்டு ரமணி அன்னாசியில் இன்னும் ஒரு கரண்டி சீனி சேர்த்தாள். பிறகு விஜயனைக் கூப்பிட்டு, அலுமினியத் தாளைக் கிழித்துத் தரச் சொன்னாள்.