பின்பாரம்

நான் வாழும் அடிலெய்டு நகரத்தில், ஒரு வீட்டு வாசலில் இரும்புக் கட்டில் கிடந்தால் அந்த வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. வேண்டாம் என்று போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வேண்டியவர் எடுத்துப் போகலாம், யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். வந்த புதிதில் அப்படி ஒரு கட்டிலைக் கண்டாலே நான் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். எங்கள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் கட்டில் தெருவுக்கு வருவது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். பதினான்கு வருடம் கழித்து, போன டிசம்பரில், அப்படிக் கிடந்த ஒரு கட்டிலை நானே தோளில் தூக்கிக்கொண்டு மூன்று தெரு நடந்தேன். என் கேம்பர் டிரெய்லரின் கூரைமேல் சாமான் ஏற்ற ஒரு கேரியர் செய்ய வேண்டியிருந்தது. கடையில் அதற்குச் சொன்ன விலையைக் கேட்டு, பார்த்துவிட்டு வருகிறேன் என்று கும்பிடு போட்டுவிட்டு வந்திருந்தேன்.

கேம்பர் டிரெய்லர் என்றால் ஊரில் இருப்பவர்களுக்குப் புரியாது. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகும் கூண்டுவண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அச்சு, இரண்டு சக்கரம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒரு அடுப்பு வைக்கலாம். பழையதாக ஒன்றை வாங்கியது என் மகள் கயலுக்காக. அவளுக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய அம்மா சித்ராவும் நானும் பிரிந்து இரண்டு வருடமாகிறது. கயல் அம்மாவோடு இருக்கிறாள். வாரம் விட்டு வாரம் சனி ஞாயிறும், கோடை விடுமுறையில் பத்து நாளும் எனக்கு. போன வருடப் பத்து நாளை என் ஒற்றை அறை வீட்டில் கழித்தோம். ஆறாம் நாள், "அப்பா, வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டாள். அப்படியானால் இது என்ன என்று நான் கேட்கவில்லை. கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

பிரிவுக்குக் காரணம் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை போனது. போனதை வீட்டில் சொல்லவில்லை. எட்டு மாதம் காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புவேன். அவளை ஏன் கஷ்டப்படுத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. யாரோ வீட்டுப் பிறந்தநாள் விருந்தில், யாரோ ஒருவர் அவளிடம் ஆறுதல் சொல்லப்போக, எல்லாம் வெளியே வந்தது. சித்ரா கத்தவில்லை. "வேலை போனதுக்கு நான் போகலைங்க. எட்டு மாசம் என் கையால சோறு கட்டி வாங்கிட்டுப் போனீங்களே, அதுக்குத்தான்" என்றாள்.

ஆகவே இந்த வருடப் பத்து நாள் எனக்குப் பரீட்சை மாதிரி. கயல் பள்ளியில் கயாக் ஓட்டக் கற்றிருந்தாள். நம் ஊர்ப் பரிசலுக்குத் தூரத்து உறவு, ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் நீளமான படகு. பழைய கயாக் ஒன்று வாங்கினேன். மர்ரே ஆறு கடலில் சேரும் இடத்தில் பத்து நாளும் தங்குவது என்று திட்டம். பதின்மூன்று வயதுப் பெண்ணை எந்தக் கோர்ட்டுக் காகிதமும் என்னிடம் இழுத்துவராது. இந்தத் தடவை அவளுக்குப் பிடித்திருந்தால் அடுத்த வருடம் தானாக வருவாள். இல்லையென்றால் இல்லை.

டிரெய்லரின் கூரை மெல்லிய தகடு. அதில் நேராகப் பாரம் வைத்தால் அப்பளம்தான். அதனால் கட்டிலின் சட்டங்களை அறுத்துக் குறுக்கே இரண்டு கம்பிகளாக்கி, அவற்றைத் தாங்கும் கால்களைப் பக்கச் சுவருக்குள் ஓடும் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கினேன். துளையிட்ட இடங்களில் மழைநீர் இறங்காமல் பசை அடைத்தேன். கயாக் உராயாமலிருக்க பழைய டயர் டியூபை வெட்டிக் கம்பியில் சுற்றினேன். கயல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கம்பிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தாள். என் கையிலும் கொஞ்சம் அடித்துவிட்டுச் சிரித்தாள். அந்த ஒரு சிரிப்புக்காக நான் ஊரில் உள்ள கட்டிலையெல்லாம் தூக்கிவந்திருப்பேன்.

கேரியரை எங்கே பொருத்துவது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பின்பாதியில்தான். சிறுவயதில் அறுவடை முடிந்ததும் அப்பா நெல் மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொள்முதல் நிலையத்துக்கு ஓட்டிப் போவார். மூட்டை அடுக்கி முடித்ததும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் ஒரு மூட்டையைப் பின்னால் தள்ளச் சொல்வார். கழுத்தில் பாரம் விழக்கூடாது என்பார். லேசாகத் தூக்க வந்தால்தான் செவலைக் காளையையும் அதன் ஜோடியையும் பூட்டுவார். ஆற்றங்கரை மேட்டில் ஏறும்போது மட்டும் கீழே குதித்து, நுகத்தடியைப் பிடித்துத் தொங்கியபடியே நடப்பார். அது ஏதோ விளையாட்டு என்று நான் நினைத்திருந்தேன். கயாக்கையும் தண்ணீர் கேன்களையும் விறகையும் பின்பக்கமாகவே ஏற்றினேன். முன்னால் இழுத்துப்போவது மாடல்ல, கார் என்பதெல்லாம் மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

கிளம்பும் காலையில் பக்கத்து வீட்டு ஜெஃப் வந்தார். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர். கொக்கிப் பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, ரொம்ப லேசாக இருக்கிறதே என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை, நன்றி சொன்னேன். அவர் பார்த்துப் போ என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் எச்சரித்தார், நான் பாராட்டு என்று வாங்கிக்கொண்டேன். இங்கே ஒருவர் ஒருமுறைதான் சொல்வார், அதற்குமேல் சொல்வது மரியாதை இல்லை. எங்கள் ஊராக இருந்திருந்தால் போகிறவர் வருகிறவரெல்லாம் வண்டியில் கை வைத்து, திட்டி, மூட்டையை அவர்களே மாற்றியிருப்பார்கள். அந்தத் தொல்லை தாங்காமல்தானே விமானம் ஏறினேன்.

நெடுஞ்சாலை இறக்கத்தில் ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டியது. அந்தக் காற்றில் டிரெய்லர் மாட்டு வால் மாதிரி இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பித்தது. நான் பிரேக்கை மிதித்தேன். அதைத்தான் செய்யக்கூடாதாம். டிரெய்லர் சாய்ந்து, காரையும் இழுத்துக்கொண்டு சரளைக்கல் ஓரத்தில் விழுந்தது. எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கயாக் இரண்டாகப் பிளந்திருந்தது. கயல் கதவுக் கைப்பிடியை விடவே இல்லை. நான் எவ்வளவோ சொல்லியும் விடவில்லை. பிறகு போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

வண்டியைத் தூக்க வந்தவர் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொன்னார். டிரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்காவது முன்கொக்கியில் அழுந்த வேண்டும், பின்பாரம் ஏறினால் வாலாட்டும், இது யாருக்கும் தெரியும் என்றார். ஒன்றரை மணி நேரத்தில் சித்ரா வந்தாள். கயலைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு கவிழ்ந்து கிடந்த டிரெய்லரைச் சுற்றி வந்தவள் மஞ்சள் கம்பியின் அருகில் நின்றாள். அவளும் எங்கள் பக்கம், கீழ்வேளூர்ப் பெண். பெயின்டுக்குள்ளும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இது கட்டில் சட்டம்தானே?"

"ஆமா."

"தெருவுல கெடந்ததா?"

நான் தலையாட்டினேன். "புள்ளைய ஏத்திட்டுப் போற வண்டியிலயா இதை வச்சீங்க?" என்றாள். கட்டிலால் இல்லை, பாரத்தால் என்று விளக்கியிருக்கலாம். அவர்கள் போன பிறகு சரளைக்கல்லில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு வாரம் கழித்துக் கயல் கூப்பிட்டாள். "அப்பா, அடுத்த லீவுக்கு நான் வரலப்பா. கோவமெல்லாம் இல்ல. அந்த ரோட்ட நெனச்சாலே பயமா இருக்கு" என்றாள். டிரெய்லரை விற்றுவிடுகிறேன், வீட்டிலேயே இருக்கலாம் என்றேன். சனிக்கிழமை மத்தியானம் வந்துவிட்டுப் போவதாகச் சொன்னாள், விருந்தாளி சொல்வதுபோல.

பொங்கலுக்கு முந்தைய வாரம் அப்பாவிடம் பேசினேன். பிரிந்தது ஊரில் யாருக்கும் தெரியாது. இரண்டு வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து கேட்கும்போதெல்லாம் சித்ரா டியூட்டியில் இருப்பாள், அல்லது குளித்துக்கொண்டிருப்பாள். என்னோடு இருக்கும் நாட்களில் கயலும் அப்படியே சொல்லப் பழகியிருந்தாள். அன்று பேச்சுவாக்கில், செவலைக்குக் கழுத்தில் பாரம் விழாமல் ஏற்றுவீர்களே, எல்லா வண்டிக்கும் அப்படித்தானா என்று கேட்டேன்.

"எல்லா வண்டிக்கும் எப்படிப்பா? அது செவலைக்கு. அதுக்குக் கழுத்துல ஆறாத புண்ணு. பின்பாரம் ஏத்துனா மேட்டுல வண்டி பின்பக்கமா குடை சாஞ்சிரும், அதான் நான் நுகத்தடியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டே வருவேன். ஏன் கேக்குற?"

சொன்னேன். டிரெய்லர் சாய்ந்ததைக் கேட்டதும் வண்டியில் யார் இருந்தது என்றார். நானும் பாப்பாவும் என்றேன். சித்ரா எங்கே என்றார். டியூட்டி என்ற சொல் நாக்குவரை வந்தது. இந்த முறை அதைச் சொல்லாமல், நடந்ததையெல்லாம் சொன்னேன். வேலை, நூலகம், எட்டு மாதச் சாப்பாட்டு டப்பா, இரண்டு வருடம். எல்லாம் கேட்டுவிட்டு அப்பா, "தனியாவாப்பா இருக்க?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மாட்ட மட்டும் சொல்லிடாத. அவ தாங்க மாட்டா. நான் பாத்துக்கிறேன்."

அம்மா பக்கத்தில் வந்துவிட்டார் போலிருக்கிறது. போன் கை மாறியது. எல்லாரும் சௌக்கியமா, சித்ராவுக்கு இந்த வருடமாவது பொங்கலன்று லீவு கிடைக்குமா என்று அம்மா கேட்டார். கிடைக்கும் என்றேன். மூன்று பேரும் சேர்ந்து நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார், பழைய போட்டோ கூடத்தில் வெளுத்துவிட்டதாம். சரிம்மா என்றேன். நான் ஒரு வீட்டில் இருக்கிறேன், அவர்கள் இருவரும் இன்னொரு வீட்டில். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வாழ்வது இனி திருக்காட்டுப்பள்ளியில் மட்டும்தான்.