அந்த ‘ஆமா’ அவருடையது இல்லை

தையலக்கா தன் வாழ்நாளில் எத்தனை வெள்ளை அங்கிகள் தைத்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. சபையில் யார் ஞானஸ்நானம் எடுத்தாலும், தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குகிற அன்று அவர் உடம்பில் இருப்பது அவள் தைத்த அங்கிதான். துணி நனைந்ததும் உடம்போடு ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கக் கூடாது. தண்ணீரில் குடைபோல விரிந்து மிதக்கவும் கூடாது. அதற்காகக் கீழ் விளிம்பில் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளை வைத்து மடித்துத் தைப்பாள்.

“என்னக்கா, பரலோகம் போறவங்களை இப்படிக் கனம் கட்டி இறக்குறீங்க?” என்று கேலி செய்பவர்கள் உண்டு.

“பறக்குறதெல்லாம் அப்புறம். மொதல்ல மானத்தோட முழுகட்டும்” என்பாள்.

இப்படி வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள், ஒரே ஒரு அங்கியைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் எழுந்து மெஷினை ஓட்டப் போய்விடுவாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் முதன்முதலாகத் தைத்த அங்கி அது. அதை உடுத்திக்கொண்டு தொட்டியில் இறங்கிய இளைஞனைத்தான் பிறகு அவள் கட்டிக்கொண்டாள்.

ஊருக்கு அவர் லிப்ட்காரர். உயரமான கட்டடங்களில் லிப்ட் நின்றுவிட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இருட்டுக் குழிக்குள் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு, இரும்புக் கயிற்றுக்குக் கிரீஸ் தடவியபடி சபைப் பாட்டுகளைப் பாடுவார். சுவருக்குள்ளிருந்து பாட்டு வருகிறதே என்று மாடியில் இருப்பவர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்த கதைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முதல் அடியை எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான். அந்தக் குரல் எழும்பினால் கூரைத் தகடே அதிரும்!

அந்தக் குரல்தான் ஒருநாள் நின்றது.

அவர்களுக்கு ஒரே மகள். காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அடுத்த கட்டிலில் அதே காய்ச்சலோடு சபையைச் சேர்ந்த இன்னொரு குழந்தை. சபை முழுவதும் இரண்டு பிள்ளைகளுக்காகவும் முழங்காலில் நின்றது. அந்தக் குழந்தை எழுந்து உட்கார்ந்து பால் குடித்தது. இவர்கள் பெண் கண்ணைத் திறக்கவே இல்லை.

மகளை அடக்கம் செய்த அதே வாரம், ஞாயிற்றுக்கிழமை. பிழைத்த குழந்தையின் தாய் மேடையேறிச் சாட்சி சொன்னாள். சபை கைதட்டியது. போதகர் லிப்ட்காரரைப் பார்த்து, நன்றிப் பாட்டை எடுத்துக்கொடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அவர் எழுந்து நின்றார்.

“மாட்டேன்” என்றார். “அந்தப் புள்ளைக்குக் கேட்ட காது எம்புள்ளைக்கு ஏன் கேக்கல? அவருக்கும் எனக்கும் இன்னியோட தீந்துது. இனி நான் பாடவும் மாட்டேன். நம்பவும் மாட்டேன்!”

வரிசைகளுக்கு நடுவழியாக நடந்து வெளியே போனவர், பிறகு அந்த வாசலை மிதிக்கவே இல்லை.

அந்த வருஷம் வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்வது! “எம்முன்னாடி ஜெபம் பண்ணாத. என் மூஞ்சிலயே முழிக்காத” என்று எரிந்து விழுவார். அவள் சாப்பாட்டை எடுத்து வைப்பாள். தட்டைத் தள்ளிவிடுவார். அவள் மறுபடி எடுத்து வைப்பாள். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தில் தன் அழுகையை மறைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள்.

ஆனால் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளைச் சபை வாசல்வரை கொண்டுவந்து விடுவார். எதிரே பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். “முடியட்டும், இருக்கேன்” என்பார். மழையோ வெயிலோ, பேப்பரை விரித்துக்கொண்டு அங்கேயே இருப்பார். ஆராதனை முடிந்து அவள் வெளியே வந்தால் பேப்பரை மடிப்பார். வருஷக்கணக்காக இதுதான் வழக்கம்.

“அத்தான் ஆண்டவரை விட்டாலும் விட்டாரு, பஸ் ஸ்டாப்பை விடலையேக்கா” என்று தையலக்காவின் தங்கச்சி சிரிப்பாள்.

போதகர் சிரிக்கமாட்டார். இரட்சிப்பின் ருசி தெரிந்த பிறகு மனதார உதறிவிட்டுப் போனவன், தன் கையாலேயே அதை இழந்தவன் என்று அவர் அடித்துச் சொல்வார். திரும்பி வந்து, சபை முன்னால் அறிக்கை செய்து, மறுபடி தண்ணீரில் இறங்கினால்தான் உண்டு. இல்லையென்றால் இல்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் தையலக்கா கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அந்த மனுஷன் மூச்சு நிற்பதற்குள் திரும்ப வேண்டும்! அவளுக்கு வேறு ஜெபமே கிடையாது.

மனுஷன் திரும்பவில்லை. மறதிதான் வந்தது.

முதலில் ஸ்பானருக்குப் பெயர் மறந்தது. பிறகு வீட்டுக்கு வழி மறந்தது. ஒருநாள் சோறு ஊட்ட உட்கார்ந்தவளை ஏற இறங்கப் பார்த்து, “நீ யாரும்மா?” என்று கேட்டார். அன்றைக்கு அவள் நெஞ்சு வெடிக்காமல் இருந்ததே பெரிசு. “பக்கத்துல இருக்கிறவதான். வாயைத் திறங்க” என்றாள்.

இதயமும் பலவீனமாகிவிட்டது, அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்ன வாரத்தில் போதகர் பார்க்க வந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையைக் கண்டதும் கட்டிலில் கிடந்தவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். பாடவே மாட்டேன் என்று சொன்ன அந்த நன்றிப் பாட்டின் முதல் அடியை எடுத்தார்! குரல் கரகரத்தது. ஆனாலும் ராகம் பிசகவில்லை.

போதகரின் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது. “அம்மா! ஆண்டவர் உங்க வீட்டுக்காரரைத் திருப்பிக் கொடுத்துட்டார். வர்ற ஞாயித்துக்கிழமையே தண்ணியில எறக்கிடுவோம். தள்ளிப்போட நேரமில்ல.”

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. போதகர் படியிறங்குவதற்குள் வெள்ளைத் துணியை எடுத்து விரித்துவிட்டாள். ஊசி விரலில் குத்தியது தெரியவில்லை. சிரித்தாள், அழுதாள், தைத்தாள்.

அங்கியைப் போட்டுப் பார்த்த அன்று தங்கச்சியும் வந்திருந்தாள். தோள் தொளதொளவென்று இருந்தது. இளைஞனாய் இருந்தபோது எடுத்த அளவில் பாதிகூட இப்போது இல்லை.

“அத்தான், கலக்குறீங்க! கல்யாண மாப்பிள்ளையா?” என்றாள் தங்கச்சி.

“ஆமா” என்றார்.

“அப்ப எனக்கு வைர நெக்லஸ் வாங்கித் தருவீங்களா?”

“ஆமா.”

“அடேங்கப்பா! இந்த ஊருக்கே நீங்கதான் ராஜாவா?”

“ஆமா.”

தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையலக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளின் வாய் பாதியில் நின்றது. கையில் இருந்த குண்டூசி டப்பா தரையில் விழுந்து சிதறியது.

“என்னக்கா?”

“எதைக் கேட்டாலும் ஆமாங்கறார்டி.”

“ஆமான்னா நல்லதுதானே? ஞாயித்துக்கிழமையும் அதைத்தான் சொல்லணும்.”

“அது அவர் சொல்றது இல்லடி.”

“இந்தா பாரு, வாயை மூடிக்கிட்டு இரு. ஆண்டவர் ஒன்னும் குறுக்கு விசாரணை பண்ண மாட்டார். கிடைக்கிறதைக் கெடுத்துக்காத!”

தையலக்கா வாயை மூடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் மூடிக்கொண்டுதான் இருந்தாள். அவளும் பெண்டாட்டிதானே? கண்ணெதிரே கதவு திறக்கும்போது, சாவி யாருடையது என்று கேட்க யாருக்கு மனசு வரும்?

ஞாயிறன்று சபை நிரம்பி வழிந்தது. தொட்டியின் ஓரத்தில் அவருடைய ஷூவைக் கழற்றி வைத்தாள். போதகர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, அவர் கையைப் பிடித்து முதல் படியில் நிறுத்தினார்.

“விட்டுப்போன விசுவாசத்துக்கு மனசாரத் திரும்பி வர்றீங்களா?”

“ஆமா.”

சபை பெருமூச்சு விட்டது. யாரோ ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

தையலக்காவால் தாங்க முடியவில்லை. “ஏங்க,” என்றாள், எல்லாருக்கும் கேட்கிற குரலில். “நீங்க பறவையா?”

அவர் அவள் பக்கம் திரும்பினார். “ஆமா” என்றார்.

பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் எழுந்து, சட்டென்று அடங்கியது. தங்கச்சி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

“ஐயா, அவர் கையை விடுங்க. இந்த ஆமா அவருடையது இல்ல” என்றாள் தையலக்கா. “அவர் சொன்ன வார்த்தை ஒன்னுதான். இதே இடத்துல, நடுவுல நின்னு, மாட்டேன்னு சொன்னார். எம்புருஷன் புத்தியோட இருந்தப்ப சொன்னது அது. அது எனக்குப் பிடிக்கல. அதை நினைச்சு அழாத நாளில்ல. ஆனா அது அவரோடது.”

“அம்மா, புரியாமப் பேசாதீங்க. இப்ப அவர் மறுக்கலையே. மறந்தது வேற, மறுத்தது வேற!”

“அதையேதான் ஐயா நானும் சொல்றேன். மறுத்தது அவர். மறந்தது நோய். நோய் சொல்ற ஆமாவை வாங்கிக்கிட்டு, மனுஷன் சொன்ன மாட்டேனை அழிக்கச் சொல்றீங்க. திருட்டுத்தனமா ஒருத்தரைப் பரலோகத்துக்குள்ள தள்ள முடியுமா?”

போதகரின் முகம் சிவந்தது. அவர் குரலில் இருந்தது கோபம் மட்டும் இல்லை, பயமும்தான். “அந்த மாட்டேனோட அவர் கண்ணை மூடினா எங்க போவார்னு தெரியுமா? இதைச் சொல்லாம விட்டா அந்தப் பழி எம்மேல வரும்மா!”

“எங்க போவார்னு எனக்குத் தெரியாது” என்றாள். “ஆனா ஒன்னு தெரியும். வாலிபத்துல இவர் இதே தொட்டியில எறங்கினப்ப, ஆண்டவர் கையைப் புடிச்சார்னு எல்லாரும் சொன்னீங்க. நான் தைச்ச அங்கிதான், நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். புடிச்சது நெஜம்னா, இவர் ஒரு உதறு உதறினதும் விட்டுருவாரா? என் மூஞ்சிலயே முழிக்காதன்னு இவர் சொன்னார், முழுப் புத்தியோட. நான் போனேனா? இப்ப நான் யாருன்னே தெரியல. போயிட்டேனா? துணி தைச்சுப் பொழைக்கிற எனக்கே இது முடியுது. இவரை உண்டாக்கினவருக்கு முடியாதா? முடியாதுன்னு அவர் சொன்னா, அங்க போய் நானே நேருக்கு நேர் கேட்டுக்கறேன். நீங்க பழிக்குப் பயப்படாதீங்க, அதை எங்கணக்குல வைங்க!”

அவள் புருஷனின் கையைப் பிடித்துப் படியிலிருந்து மேலே ஏற்றினாள். எந்த நடுவழியாக அவர் அன்று தனியாகப் போனாரோ, அதே வழியாக இன்று இருவரும் நடந்தார்கள். அங்கியின் ஈயக் குண்டுகள் அவர் கணுக்காலில் தட்டித் தட்டிச் சத்தமிட்டன.

வெளியே வந்ததும் அவர் கால்கள் தாமாகவே எதிர்ப்பக்கம் இழுத்தன. வெறுங்காலும் வெள்ளை அங்கியுமாக ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. பக்கத்தில் உட்காரப் போனவளைக் கையை நீட்டித் தடுத்தார்.

“கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. என் வீட்டுக்காரி வருவா.”

அவள் தள்ளி உட்கார்ந்தாள். அந்தப் பெஞ்சிலிருந்து சபை வாசல் எப்படித் தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தாள்.

“எங்க போயிருக்காங்க?”

“உள்ள இருக்கா. முடியட்டும்.”

நனைந்த உடையோடு போதகர் ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். கையில், தொட்டியோரம் விட்டு வந்த அந்த ஷூ. அவர் வருவதை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, தன் நெஞ்சைத் தானே கல்லாக்கிக்கொண்டு கேட்டாள்:

“ரொம்ப நேரமாச்சே. உங்களை விட்டுட்டு அவங்க போயிருப்பாங்க, இல்ல?”

எதைக் கேட்டாலும் ஆமா சொல்கிற மனுஷன். அவர் புருவம் நெரிந்தது. அவளைத் திரும்பி முறைத்தார். பழைய கோபம், பழைய கண்கள்!

“போக மாட்டா” என்றார்.

போதகர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, லிப்ட்காரரின் காலைத் தூக்கி ஷூவை மாட்டத் தொடங்கினார்.

“நான் போதிச்சதை மாத்திக்க மாட்டேன்மா” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

“மாத்திக்க வேணாம் ஐயா. நானும் மாத்திக்க மாட்டேன்” என்றாள் தையலக்கா. “இடது கால் வீங்கியிருக்கு. கயிறை ரொம்ப இறுக்கிடாதீங்க.”

லிப்ட்காரர் இருவரையும் கவனிக்கவில்லை. சபை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.