பித்தளை மூக்கு

கப்பலூரில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் கிட்டார் செய்கிறோம். மரப்பெட்டியின் விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை ஒட்டுவோம். ஒட்டியதும் அதன் ஓரம் கூராக நிற்கும். வாசிப்பவர் கையை உறுத்தும். அதைப் பிளேடால் சுரண்டி மழுக்குவது பக்கத்து மேஜை அண்ணனின் வேலை. வருஷக்கணக்கில் அழுத்திச் சுரண்டியதில் அவருக்கு வலது கை மரத்துப்போனது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, இந்த வேலையை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். முதலாளி வேறு ஆள் தேட ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மெக்கானிக்கல் டிப்ளமோ. படித்தவனால் ஆகாதது இல்லை என்று வீட்டில் நம்பினார்கள், நானும் நம்பினேன். மிஷினால் மழுக்கினால் விரலை அழுத்த வேண்டாம், அண்ணனுக்கு வேலை நிலைக்கும். பட்டறையில் விளிம்பு சீவும் டிரிம்மர் இருந்தது, கையில் பிடித்து ஓட்டும் சின்ன மிஷின். ஆனால் கிட்டாரின் முதுகு தட்டையாக இருக்காது, லேசாகப் புடைத்திருக்கும். டிரிம்மரின் அகலமான அடித்தட்டு அதன்மேல் சாய்ந்து, பட்டையைத் தின்றுவிடும். அதனால் அடித்தட்டைக் கழற்றிவிட்டு, விளிம்பை மட்டும் தொடும்படி சின்னதாக ஒரு பித்தளை மூக்கு கடைந்து மாட்டினேன். பக்கவாட்டில் உருள ஒரு பேரிங் வைத்தேன்.

“என்ன மாப்ள, கிட்டாருக்கு மூக்குத்தியா?” என்றார் அண்ணன். கிண்டல் பண்ணினாலும் அன்றைக்கே மனைவிக்குப் போன் போட்டார். அவர்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். எனக்குப் புரிந்தது ‘மிஷின்’ என்ற ஒரு சொல்தான். அதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கழித்துப் போட்ட பெட்டி ஒன்றில் நான் ஓட்டியபோது விளிம்பு அழகாக உருண்டது. அடுத்து அண்ணன் ஓட்டினார். நேரான இடத்தில் பரவாயில்லை. கிட்டாரின் இடுப்பு வளைவில் கை திரும்பும்போது டிரிம்மர் சாய்ந்து, பட்டை போய் மரம் தெரிந்தது. சாய்ந்தது அவருக்குத் தெரியவே இல்லை. இடது கையால் ஓட்டிப் பார்த்தார்; அது பழகாத கை. மூக்கை அகலமாக்கினேன்; புடைப்பில் ஏறிச் சாய்ந்தது. குறுக்கினேன், இன்னும் ஆடியது. அதை நேராக நிறுத்த உணர்ச்சியுள்ள கை வேண்டும். அது அவருக்கு இல்லாததால்தானே இதைச் செய்யவே தொடங்கினேன்.

“இம்புட்டு செஞ்சிருக்க. ஒன் மேல குத்தமில்ல மாப்ள,” என்றார். “சாயுதுன்னு இந்தக் கை எனக்குச் சொல்ல மாட்டேங்குது.”

இன்னொரு தடவை மாற்றிப் பார்க்கிறேன் என்றேன். எதை மாற்றுவது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் அது புரிந்திருக்கும்.

முதலாளி வந்தார். நான் மழுக்கிய விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, இனிமேல் இதை நீயே ஓட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் அனுப்ப வேண்டிய கிட்டார் மேஜையில் இருந்தது. துணி விரித்துக் கவிழ்த்து வைத்தேன். டிரிம்மரை வைத்ததும் கிட்டார் நகர்ந்தது. அண்ணன் எழுந்து வந்து, முழங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“ம், ஓட்டு,” என்றார்.

நான் ஓட்டினேன்.