சிரிக்கிற மனுஷனின் ரத்தம்

என் வீட்டுக்காரர் வாயிலிருந்து "உடம்பு சரியில்லை" என்ற வார்த்தையை வாங்குவதற்குப் பதில் கல்லில் நார் உரித்துவிடலாம். கல்யாணமான நாள் முதல் அவருக்கு எல்லாமே சிரிப்புதான். ஓசூரில் நான் வேலை பார்க்கும் ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றிவரும் பஸ்ஸை அவர்தான் ஓட்டுகிறார். விடியற்காலையில் சானமாவுக் காட்டுப் பக்கம் யானை ரோட்டுக்கு வந்துவிட்டால் பஸ்ஸில் இருக்கும் பெண்கள் அத்தனை பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து கத்துவோம். அவர் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு, "யாருகிட்டயாச்சும் கரும்பு இருக்குதா? சம்பந்தி வந்திருக்காரு" என்பார்.

அதே பஸ்ஸில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு லைட் உண்டு. இன்ஜினில் ஏதாவது கோளாறு என்றால் எரியும். அது விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்து, கருப்பு டேப் வாங்கி அதன்மேல் ஒட்டிவிட்டார். முன் சீட்டில் உட்காரும் நான் கேட்டதற்கு, "வண்டி ஜம்முனு ஓடுது. இது சும்மா கண்ணடிச்சிக்கிட்டே இருக்குதுடி" என்றார். மனுஷன் அப்படி.

போன மழைக்காலத்தில் இருமல் பிடித்தது. கஷாயம் வைத்தால் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஒருநாள் காலை நான் பஸ் ஏறும்போது ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக் கிடந்தார். தொட்டால் அடுப்புபோலக் கொதிக்கிறது. வேறு டிரைவரை வரச் சொல்லிவிட்டு, ஆட்டோ வைத்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு நிமோனியா என்றார்கள். வலது நுரையீரலின் அடிப்பாகம் பஞ்சு அடைத்ததுபோல் வெள்ளையாக இருந்தது. உடனே அட்மிட்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர், தமிழைக் கன்னடம் கலந்து பேசினார். முதல் நாள் ரத்தம் எடுத்து அனுப்பியதில் சிஆர்பி என்று ஒன்று நூறைத் தாண்டியிருந்தது. நல்ல உடம்பில் அது ஒற்றை இலக்கத்தில் இருக்குமாம்.

"அப்படின்னா என்னங்க டாக்டர்?"

"உள்ளே சண்டை நடக்குது அல்லவா, அது எவ்வளவு பெருசுன்னு இது சொல்லும். இன்னிக்கு ஒரு நம்பரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. மருந்து போட்ட பிறகு இறங்குதா ஏறுதான்னு பார்க்கணும். இறங்கினா நல்லது."

"ஏறினா?"

"இது ஜோசியம் இல்லம்மா. ஏறினா நாம ஜாக்கிரதையா இருக்கணும், அஷ்டே, அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் ஜுரம் விட்டுவிட்டது. நாலு இட்லியை உள்ளே தள்ளினார். ரத்தம் எடுக்க வந்த லேப் பெண்ணிடம் முதலில் தெலுங்கில் நலம் விசாரித்தார், அவள் கன்னடத்தில் பதில் சொன்னதும் கன்னடத்துக்குத் தாவினார், கடைசியில் தமிழில், "பாத்து எடும்மா, டீசல் கலந்திருக்கும்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். எனக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. குலசாமிக்கு வேண்டிக்கொண்டதுகூட அதிகப்படியோ என்று நினைத்தேன்.

மதியத்துக்கு முன் ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். சிஆர்பி இறங்கவில்லை. ஏறியிருந்தது, கிட்டத்தட்ட இரண்டு மடங்காக. நோயோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை குறைந்திருந்தது. ரத்தம் உறைவதைக் காட்டும் இன்னொரு டெஸ்ட்டும் கூடியிருந்தது. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன, மருந்தை மாற்றியிருக்கிறேன், இன்னும் இரண்டு மூன்று நாள் கண் பார்வையிலேயே இருக்கட்டும் என்றார்.

கதவு இடுக்கு வழியாக அவரைப் பார்த்தேன். போனில் யாரிடமோ பஸ் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். சீரியஸாகப் படுத்துக் கிடந்திருந்தால்கூட இந்தப் பயம் வந்திருக்காது. முகம் ஒன்று சொல்கிறது, ரத்தம் வேறொன்று சொல்கிறது. நான் எதை நம்புவது?

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் என் கொழுந்தனார். சூளகிரியில் டயர் கடை வைத்திருக்கிறார். நான் ரிப்போர்ட்டைச் சொன்னதும், அண்ணன் சிரிப்பதைப் பார்த்த அவருக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"அண்ணி, ஆளு குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்குது. இவங்க நம்பரக் காட்டி ஐசியூல தள்ளப் பாக்கறாங்க. சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்னு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க."

இவருக்கு அது போதாதா? "போடுடி கையெழுத்த. நாலு நாள் போகலைன்னா வண்டிய வேற எவனுக்காச்சும் குடுத்துருவாங்க. எனக்கு என்னடி? கல்லு மாதிரி இருக்கேன்."

நர்ஸ் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். பேனா என் கையில் இருந்தது. இரண்டு பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். நான் பத்தாவது படித்தவள். அவர்கள் சொல்வதுதான் சரியாக இருந்துவிட்டால்? வேலையைக் கெடுத்தவள் என்று காலமெல்லாம் சொல்லிக்காட்டுவார்களே! போடாமல் விட்டு ஒன்றுமில்லை என்றாகிவிட்டால் ஏச்சோடு போகும். போட்டுவிட்டு வீட்டில் வைத்து ஏதாவது ஆகிவிட்டால்?

"வண்டியில ஒட்டுன மாதிரி இதுக்கும் டேப்பு ஒட்டணுங்கறீங்களா?" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "லைட்டு எரியுதுங்க. எனக்குப் பயமா இருக்குது. நான் போடமாட்டேன்."

கொழுந்தனார் முணுமுணுத்துக்கொண்டே டீ குடிக்கப் போனார். இவர் போர்வையை இழுத்துப்போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

நானும் வீம்பாக உட்கார்ந்திருந்தேன். பேசினால் பேசட்டும், இல்லாவிட்டால் போகட்டும். சாப்பாடு வந்தது. "சாப்பிடறீங்களா?" என்றேன். பதில் இல்லை. "இவ்வளவு ரோஷம் ஆகாதுங்க" என்றேன். அதற்கும் பதில் இல்லை. எதற்கோ எழுந்து அந்தப் பக்கம் போய் முகத்தைப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. கோபத்தில் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தேனே, பாவி மனுஷனுக்குப் பேச மூச்சில்லை.

நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடிவந்தார்கள். ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். டீ குடித்துவிட்டு வந்த கொழுந்தனார் காலிக் கட்டிலைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கிளம்பியிருந்தால் அந்நேரம் ஹைவேயில் போய்க்கொண்டிருப்போம்.

அதற்கப்புறம் எனக்குச் சாமியும் அந்த நம்பர்தான், பூதமும் அந்த நம்பர்தான். காலையில் லேப் பெண் உள்ளே போய்விட்டு வரும்போது அவள் கையிலிருக்கும் குழாயையே பார்ப்பேன். அத்தனூண்டு ரத்தத்தில் என் தாலி கிடக்கிறது. ஐசியூவுக்குப் போன முதல் நாள் ரிப்போர்ட்டில் அசையவே இல்லை. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் ஏறியது. அன்றைக்கு நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதற்கு மறுநாள் டாக்டரம்மாவே வெளியே வந்து, "இறங்குது. பயப்பட பேடி, பயப்படாதீங்க" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

வார்டுக்குத் திரும்பிய பிறகுதான் இவர் மெதுவாகச் சொன்னார்: "அட்மிட் பண்ணின அன்னிக்கே படி ஏற முடியலடி. ராத்திரியெல்லாம் நெஞ்சுல ஆளு ஏறி உக்காந்த மாதிரி இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ பயந்துருவியேன்னு."

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். ஊசி ஏறிய கையைப் பார்த்து இறக்கிக்கொண்டேன். அந்த அறையில் பொய் சொல்லாமல் இருந்தது அவருடைய ரத்தம் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தாயிற்று. பஸ்ஸும் கைவிட்டுப் போகவில்லை, அவருக்காகவே வைத்திருந்தார்கள். ஆனால் எந்தச் சிரிப்பைப் பார்த்து இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டேனோ அந்தச் சிரிப்பைக் கேட்டாலே இப்போது எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. எதை மூடுவதற்குச் சிரிக்கிறார் என்று கழுத்துக்குழியைத்தான் பார்க்கிறேன்.

போன வாரம் லேசாக இருமல். மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே லேப் பெண். "வேணுங்கற மட்டும் எடுத்துக்கோம்மா, எங்க வீட்டுக்காரிக்கு என் வாய் மேல நம்பிக்கை இல்ல" என்று அவளைச் சிரிக்கவைத்தார். நான் சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டுக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். சில்லிட்டுப்போன கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

அவர் முந்தானைக்குள் கையை விட்டு என் விரல்களைப் பிடித்தார். அவர் கையும் சில்லிட்டிருந்தது.

"எனக்கும் பயமா இருக்குதுடி" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். முகத்தில் சிரிப்பே இல்லை. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, ஆனாலும் எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.