ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு மீன்

ஐந்தருவியில் என் சித்தப்பா வாய்விட்டு அழுதபோது, ஏதோ புது வேடிக்கை காட்டப் போகிறார் என்று கைதட்டிய ஒரே ஆள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அறிவுக்கு அதைவிடக் குறைவு.

சித்தப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி டெம்போ ஓட்டுபவர். கல்யாணம் ஆகவில்லை, தென்காசியில் எங்களோடுதான் இருந்தார். சந்தைக்கு வரும் எல்லா வண்டிகளின் ஹாரனையும் வாயாலேயே அடித்துக் காட்டுவார். அவருக்குக் கல்லீரலில் கிருமி என்று வாரம் ஒரு ஊசி போட்டார்கள். அந்த ஊசியே சிலருக்கு மனசைக் கவிழ்த்துவிடும், அழுகையாக வந்தால் உடனே கூட்டிவாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கவிழாமல் இருக்க உதவினாலும் உதவும், உறுதி சொல்ல முடியாது என்று ஒரு டப்பா மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மீன் எண்ணெய் மாத்திரை.

எங்கள் வீட்டில் முட்டை பப்ஸ் கூட வாசல் தாண்டியதில்லை. அம்மா நெடுநேரம் யோசித்து, டப்பாவுக்கு ஸ்கூட்டர் டிக்கியில் இடம் ஒதுக்கினாள். சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பா தெருவில் இறங்கி, டிக்கியைத் திறந்து ஒன்றை விழுங்கி, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். "மைனி, மீனு நீந்தி உள்ள போயிட்டு. நான் வரலாமா?" என்பார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொள்வாள்.

தேன் நிறத்தில் மினுமினுத்த அந்த மாத்திரையைப் பார்த்துப் பார்த்து எனக்கு நாக்கு ஊறியது. ஒருநாள் சாவியைத் திருடி, ஒன்றை எடுத்து, விழுங்காமல் கடித்தேன். அட கடவுளே! குற்றாலத்துத் தண்ணீர் மொத்தத்தையும் ஊற்றிக் கழுவினாலும் போகாத நாற்றம். சட்டையெல்லாம் எண்ணெய். தடயத்தை அழிக்கிறேன் பேர்வழி என்று டப்பாவோடு சிற்றாற்றில் வீசினேன். மீனை மீன்களிடமே சேர்த்துவிட்ட புண்ணியம் வேறு.

சித்தப்பா டிக்கியைத் திறந்து பார்த்தார். யாரிடமும் ஒன்றும் கேட்காமல், தினமும் வெறும் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்தார். அதற்குப் பிறகு வீட்டில் ஹாரன் சத்தமும் இல்லை. பிடிபடாத குஷியில் நான் இருந்தேன்.

மூன்றாவது வாரம், சாரல் பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம். சித்தப்பா குளிக்கவில்லை. துண்டோடு படியில் உட்கார்ந்தவர் திடீரென்று உடைந்தார். நான் கைதட்டியது அப்போதுதான்.

"மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டியளே மைனி. நான் ஒங்களுக்கு அவ்வளவு பாரமாயிட்டனா? இனி நான் இருந்து யாருக்கு என்ன?"

அம்மாவின் முகத்தில் ரத்தம் இல்லை. "நான் அதத் தொடக்கூட இல்லையே தம்பி!"

தட்டிய கை அப்படியே நின்றது எனக்கு. எண்ணெய் தேய்க்கிறவர்கள், குளிக்க வந்தவர்கள், விசில் ஊதும் போலீஸ்காரர் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. "நாந்தான் சித்தப்பா. மீனு எப்படி இருக்கும்னு கடிச்சுப் பாத்தேன். ஆத்துல போட்டுட்டேன்."

சித்தப்பா என்னையே பார்த்தார். "ஏலே, ஒனக்கு மீனு கேக்குதோ?" என்றார். சிரிப்பு வந்தது அவருக்கு. அழுகையும் நிற்கவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரு மனிதர் செய்ய முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்பா உடனே டாக்டருக்குப் போன் போட்டார். துணியின் ஈரம் காய்வதற்குள் அவர் முன்னால் இருந்தோம். மாத்திரை நின்றதால்தான் இப்படி என்று சொல்ல முடியாது, இது ஊசியின் வேலை என்றார் டாக்டர். என் வயிற்றில் பால் வார்த்த புண்ணியவான். மனசுக்குத் தனியாக மருந்து கொடுத்தார். மீன் எண்ணெயும் இருக்கட்டும் என்றார்.

புது டப்பாவை அம்மா டிக்கிக்குக் கொண்டுபோகவில்லை. அடுக்களையில், உப்பு ஜாடிக்கும் பெருங்காய டப்பாவுக்கும் நடுவில் வைத்தாள். சாப்பாடு முடிந்ததும் தானே ஒன்றை எடுத்துச் சித்தப்பாவின் உள்ளங்கையில் வைத்து, அவர் விழுங்கும்வரை தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

மீன்தான் அடுக்களைக்கே வந்துவிட்டதே என்ற தைரியத்தில், "அப்போ மீன் கொழம்பு எப்பம்மா வைப்ப?" என்று கேட்டேன். முதுகில் ஒன்று விழுந்தது.

அது எதற்கு விழுந்தது என்று எனக்கு விளங்கியது. அடித்த கையோடு சித்தப்பாவிடம் திரும்பி, "ஒரு ஹாரன் அடிங்க தம்பி" என்று அம்மா ஏன் கேட்டாள் என்பதுதான் விளங்கவில்லை.